ஏற்றலும் மாற்றலும்

"ஏற்றுக்கொள்" என்ற சொல்லுக்கு நமது சமூகத்திலே நீண்டதொரு வரலாறு உண்டு. அது பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கிச் சொல்லப்பட்ட சொல்லாகவே இருந்து வந்துள்ளது. கோயில் வாசலிலே தடுத்து நிறுத்தப்பட்டவனுக்கு அது சொல்லப்பட்டது. வாரத்துக்கு நிலஞ் செய்து, களத்திலே வெறுங்கையோடு நின்ற உழவனுக்குச் சொல்லப்பட்டது. சீதனம் போதாதென்று வசைகேட்டுக் கண்கலங்கி வந்த மகளுக்கு அவளைப் பெற்ற தாயே அதனைச் சொன்னாள். தலையெழுத்து, முன்வினை, கொடுப்பினை என அதற்குப் பல பெயர்கள் வழங்கின. பெயர் எதுவாயினும் அதன் உட்பொருள் ஒன்றே: உன் நிலை மாறாது, மாற்ற முயலாதே. ஆகவே, மனிதன் தன் வாழ்வைத் தானே மாற்றியமைக்க வல்லவன் என்று நம்புவோர் இச்சொல்லை ஐயத்தோடு நோக்குவது இயல்பு. அந்த ஐயம் நியாயமானதுமாகும்.

இந்நிலையிலே, கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் உளச்சிகிச்சைத் துறையிலே வளர்ந்துள்ள ஒரு போக்கு நமது கவனத்துக்குரியதாகின்றது. துன்புற்று வரும் மனிதனிடம், "முதலில் உன் நிலையை ஏற்றுக்கொள்" என்று கூறும் போக்கு அது. பரிவு அதன் கருவி. பொருளுள்ள வாழ்வு அதன் இலக்கு. துன்பமேயில்லாத வாழ்வை அது வாக்களிப்பதில்லை. மேலைநாட்டு மருத்துவ மனைகளிலே தொடங்கிய இம்முறை இன்று அகதி முகாம்கள் வரை சென்றுள்ளது. இது பழைய விதிக்கொள்கை வெள்ளை அங்கி தரித்து வந்த கோலமா? அன்றி, மாற்றத்தை விரும்புவோரும் கற்றுக்கொள்ளவேண்டிய ஓர் உண்மை இதனுள்ளே பொதிந்திருக்கின்றதா? இவ்வினா மருத்துவர்களுக்கு மாத்திரம் உரியதன்று. துன்புறும் ஒருவருக்கு நாம் என்ன சொல்லவேண்டும், என்ன சொல்லக்கூடாது என்பது அறவியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும்.

இதனை ஆராய்வதற்கு மார்ஷா லினெகன் என்னும் அமெரிக்க உளவியலாளரின் வாழ்வும் பணியும் தக்க உரைகல்லாக அமைகின்றன. 1943இல் ஒக்லகோமா மாநிலத்தின் துல்சா நகரிலே பிறந்த இவர், 1961இல், தமது பதினேழாம் வயதிலே, கனெற்றிகட் மாநிலத்து உளமருத்துவ மனையொன்றிலே நோயாளியாக அனுமதிக்கப்பட்டார். அங்கே இருபத்தாறு மாதங்கள் கழிந்தன. தம்மைத் தாமே வருத்திக்கொண்ட அப்பெண் தனியறையிலே அடைத்து வைக்கப்பட்டார். உளப்பிளவு நோய் என்று பெயரிட்டனர், வலிய மருந்துகள் கொடுத்தனர், மின்னதிர்ச்சியும் அளித்தனர். எதுவும் பயன்தரவில்லை. 1963இல் வெளியேறிய அவர் மாலை வகுப்புகளிலே பயின்று, 1971இலே சிக்காகோவின் லொயோலா பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் சியாற்றில் நகரிலுள்ள வொஷிங்டன் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராகி, தாம் எந்த நரகத்திலிருந்து மீண்டாரோ அந்த நரகத்திலே கிடந்தவர்களுக்கே சிகிச்சையளிக்கத் தொடங்கினார். தமது இளமைக் கதையை அவர் நெடுங்காலம் வெளியிடவில்லை. 2011இலே, தாம் அடைபட்டுக் கிடந்த அதே மருத்துவ மனையிலே கூடியிருந்தோர் முன்னிலையில் அதனை எடுத்துரைத்தார்.

லினெகனிடம் வந்தோருட் பெரும்பாலானோர் மீண்டும் மீண்டும் உயிர்துறக்க முயன்ற பெண்கள். அவர் கற்றிருந்தது நடத்தைச் சிகிச்சை. ஒருவருடைய செயலிலே பிழையான பகுதி எது என்று கண்டறிந்து, அதற்குப் பதிலாகச் சரியான ஒன்றைப் பயிற்றுவிப்பது அம்முறை. அதாவது, முழுக்க முழுக்க மாற்றத்தின் பக்கம் நிற்பது. அதனை அவர் கையாண்டபோது வந்தவர்கள் சினந்தனர். சிலர் பேச மறுத்தனர். சிலர் வராமலே நின்றுவிட்டனர். "குற்றமெல்லாம் என்னிடத்திலேதான் என்கிறீர்கள், நான் படும் பாடு உங்களுக்குத் தெரியவில்லை" என்பதே அவர்களின் மனக்குறை. அதனையுணர்ந்த லினெகன் மறுகரைக்குச் சென்றார். எதையும் மாற்றும்படி கூறாமல், கேட்டலையும் ஏற்றலையுமே சிகிச்சையாக்கினார். அப்பொழுதும் வந்தவர்கள் அமைதியடையவில்லை. "அப்படியானால் என்னை இந்த நெருப்பிலேயே விட்டுவிடப் போகிறீர்களா?" என்பது அவர்களின் புதிய கேள்வியாயிற்று.

இரண்டு கேள்விகளும் நியாயமானவை என்று கண்டமையே லினெகனின் சிறப்பாகும். மாற்றத்தை மாத்திரம் பேசுபவன் துன்பத்தைக் காணத் தவறுகின்றான். ஏற்றலை மாத்திரம் பேசுபவன் துன்புறுபவனைக் கைவிடுகின்றான். எதிரெதிரானவையாகத் தோன்றும் இவ்விரண்டையும் ஒன்றன் துணையோடு மற்றொன்றைத் தொழிற்படச் செய்யும் முறையொன்றை அவர் உருவாக்கினார். அதன் பயனைச் சோதித்த முதலாவது ஒப்பீட்டு ஆய்வு 1991இலும், அதனை விரித்துரைக்கும் நூல் 1993இலும் வெளிவந்தன. அம்முறைக்கு அவர் இட்ட பெயர் நமது வாசகர்க்குப் பழக்கமானதே: இயங்கியல் நடத்தைச் சிகிச்சை. ஹெகலின் தருக்கத்திலும் மார்க்சின் சமூக ஆய்விலும் நாம் சந்தித்த அதே இயங்கியல்தான் இங்கே ஒரு பெண்ணின் படுக்கையருகே வந்து நிற்கின்றது. முரண்படும் இரு கூறுகளின் போராட்டத்திலிருந்தே புதியது பிறக்கின்றது என்னும் கொள்கை, தனிமனித உள்ளத்துக்கும் பொருந்துமென அவர் கண்டார். அவர் பயிற்றுவிக்கும் திறன்கள் நான்கு வகைப்படும். நிகழ்கணத்திலே மனத்தை நிறுத்துதல், இன்னலைத் தாங்குதல் என்னும் இரண்டும் ஏற்றலைச் சார்ந்தவை. உணர்ச்சிகளை நெறிப்படுத்தல், பிறரோடு உறவாடித் தன் தேவையைக் கேட்டுப் பெறுதல் என்னும் இரண்டும் மாற்றலைச் சார்ந்தவை. கத்தோலிக்கரான அவர் முதலிரு திறன்களையும் சென் பௌத்தத் துறவிகளிடத்திலே பயின்றார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

நிற்க. ஏற்றல் என்பதற்கு இங்கே கொள்ளப்படும் பொருள் யாது என்பதைத் தெளிவுபடுத்தல் வேண்டும். தமிழிலே அச்சொல் இரு பொருள் தருகின்றது. உள்ளதை உள்ளதென்று ஒப்புக்கொள்வது ஒன்று. உள்ளது தகுமென்று உடன்படுவது மற்றொன்று. முதலாவது உண்மை பற்றியது. இரண்டாவது நீதி பற்றியது. நமது சமூகத்திலே மேலோர் கீழோரை ஏற்கச் சொன்னபோதெல்லாம் இவ்விரு பொருளையும் வேண்டுமென்றே குழப்பினர். "நீ வறியவன்" என்ற உண்மையோடு, "நீ வறியவனாயிருப்பதே முறை" என்ற பொய்யையும் சேர்த்து விழுங்கச் செய்தனர். லினெகன் கூறும் ஏற்றல் முதலாவது பொருளை மாத்திரம் உடையது. அவர் அதனை வலியுறுத்துவதற்குக் காரணமும் உண்டு. தான் நிற்பது வவுனியாவிலே என்பதை ஒப்புக்கொள்ள மறுப்பவன் யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் வழியை எவ்வாறு கேட்டறிவான்? யதார்த்தத்தை உள்ளவாறு காண்பதே அதனை மாற்றுவதற்கு முதற்படி என்பது சமூக விஞ்ஞானத்தின் பாலபாடம். அதுவே உளச்சிகிச்சையின் பாலபாடமாகவும் இருப்பதிலே வியப்பில்லை.

ஒப்புக்கொள்ள மறுத்தால் நேர்வது என்ன? குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடி என்று வைத்தியர் சொன்ன கதை நம்மூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். 1987இலே டானியல் வெக்னர் என்னும் உளவியலாளர் தம் துணைவரோடு இதனையொத்த பரிசோதனையொன்றை நிகழ்த்தினார். வெண்கரடியை நினைக்கவேண்டாம் என்று மாணவர் சிலரிடம் கூறி, நினைவு வரும்போதெல்லாம் மணியை ஒலிக்கச் செய்தார். மணி ஓயவில்லை. பின்னர் நினைக்கலாம் என்று விடுத்தபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களே கரடியை மிகுதியாக நினைத்தனர். கரடியின் இடத்திலே ஒரு தாயின் சாவை, ஓர் அவமானத்தை, ஓர் அச்சத்தை வைத்துப் பாருங்கள். அதனை நெஞ்சிலிருந்து துரத்துவதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவனுக்கு வேறெதற்கும் நேரமிராது. குடியிலும், ஓயாத வேலையிலும், ஊரோடு உறவறுத்துக் கதவைச் சாத்திக்கொள்வதிலும் அவன் மறைவிடந் தேடுகின்றான். நோவோடு நோவை மறைக்கும் பாடும் சேர்ந்து அவனை அழுத்துகின்றது.

ஏற்றலுக்குத் துணையாவது பரிவு. இதனை இரக்கத்தினின்று வேறுபடுத்தி அறிதல் வேண்டும். இரக்கம் உயரத்தில் நின்று பார்ப்பது; பிச்சை இடுபவனுக்கும் அது உண்டு. பரிவு பக்கத்தில் அமர்ந்து பார்ப்பது. லினெகனுக்கு முன்னரே இவ்வேறுபாட்டைச் சிகிச்சையின் மையத்திலே வைத்தவர் கார்ல் றொஜர்ஸ் (1902–1987). தம்மை நாடி வருவோரை நோயாளி என்றழைப்பதையே அவர் தவிர்த்தார். வந்தவரை நிபந்தனையின்றி மதித்தல், அவர் உள்ளத்திலிருந்து உலகைக் காண முயலுதல், தாம் பொய்ம்முகம் பூணாதிருத்தல் ஆகியவற்றை ஒரு மனிதன் மாறுவதற்கு வேண்டிய நிலைமைகளாக 1957இல் எழுதிய கட்டுரையொன்றிலே அவர் வகுத்துரைத்தார். தன்னைத் தான் இருக்கும் வண்ணமே ஏற்கத் துணிந்த பிறகே மனிதன் மாறத் தொடங்குகின்றான் என்பது அவர் தமது அனுபவத்திலே கண்ட முடிபு.

ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். கணிதத்திலே மீண்டும் மீண்டும் தவறும் மாணவனொருவனை நினைத்துக்கொள்வோம். "உனக்கு முயற்சி போதாது" என்று கண்டிக்கும் ஆசிரியர் ஒருவர். "பரவாயில்லை, எல்லோருக்கும் கணக்கு வராது" என்று தட்டிக்கொடுக்கும் ஆசிரியர் மற்றொருவர். இரண்டாமவரை அன்பானவர் என்று பெற்றோர் போற்றலாம். ஆயினும் அவர் செய்தது மென்மையான குரலிலே மாணவனைக் கைகழுவியதேயாகும். மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர் மாணவனின் கொப்பியை எடுத்து, பிழையான விடைக்கு அவன் எவ்வழியாக வந்து சேர்ந்தான் என்று வரிவரியாகப் பார்க்கின்றார். அப்பிழையினுள்ளே அவனுக்கெனவொரு நியாயம் இருப்பதைக் கண்டு, அதனை அவனுக்கும் காட்டுகின்றார். பின்னர் அவனால் இயலுமென நம்பி, சற்றுக் கடினமான கணக்கொன்றை அவன் முன்னே வைக்கின்றார். லினெகன் தம்மிடம் வந்தோரின் நடத்தையிலே செய்வது இதுவே. எவ்வளவு தவறான செயலினுள்ளும், அச்செயல் பிறந்த நிலைமையிலே பொருள்பட நின்ற ஒரு கூறு உண்டென்று அவர் தேடுகின்றார். கண்டதை வாய்திறந்து சொல்லுகின்றார். அதன்பின் மாறும்படி கேட்கின்றார். பரிவு கண்டிப்பைக் கைவிடுவதில்லை. கண்டிக்கும் தகுதியை அது சம்பாதித்துக்கொள்கின்றது.

இனி, பொருளுள்ள வாழ்வு என்னும் இலக்குப் பற்றிச் சில கூறவேண்டும். நாற்பது, ஐம்பது வயதைக் கடந்த ஒருவரின் துன்பங்களுட் பல, எந்த மருத்துவத்தாலும் நீக்க முடியாதவை. இறந்த பிள்ளை திரும்புவதில்லை. போரிலே இழந்த கால் முளைப்பதில்லை. பாழான இளமை மீள்வதில்லை. இத்தகையவரிடம் துன்பத்தைத் தீர்த்துவிட்டு வாழத் தொடங்கு என்பது, அலை ஓய்ந்தபின் கடலாடு என்பதை ஒக்கும். லினெகன் தமது சிகிச்சையின் நோக்கத்தை வாழத்தக்க வாழ்வொன்றைக் கட்டியெழுப்புதல் என வகுத்தார். நெவாடாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஸ்ரீவன் ஹேஸ் என்பவரும் இதே பாதையிலே மற்றொரு முறையை வளர்த்து, 1999இலே இருவரோடு இணைந்து நூலாக்கினார். உன் வாழ்விலே நீ எதனை மதிக்கின்றாய் என்பது அம்முறையின் தலையாய கேள்வி. விடை கிடைத்தபின், நோவையும் கூட்டிக்கொண்டே அத்திசையில் ஓரடி வைக்கும்படி அது கேட்கின்றது. செயலிலே முடியாத ஏற்றலை அது ஏற்றலாகவே கருதுவதில்லை.

இம்முறையை அடியொற்றி உலக சுகாதார நிறுவனம் எளிய வழிகாட்டி நூலொன்றை 2020இலே வெளியிட்டது. அதற்கு அடிப்படையான பயிற்சி வட உகண்டாவின் அகதிக் குடியேற்றமொன்றிலே, தென்சூடானிலிருந்து போருக்கஞ்சி ஓடிவந்த 694 பெண்களிடையே சோதிக்கப்பட்டது. அவர்களுட் பாதியளவினர் ஐந்து அமர்வுகளிலே ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பயின்றனர். நடத்தியவர்கள் மருத்துவரல்லர், குறுகிய பயிற்சி பெற்ற சாதாரண பெண்களே. மூன்று மாதங்களின் பின்னரும் பயின்றோரின் உளநெருக்கடி மற்றையோரைவிடக் குறைந்திருந்தது. குறைவு பெரிதன்று, ஆயினும் உண்மையானது. அதேவேளை, அப்பெண்களை ஓடச்செய்த போரையோ முகாமின் வறுமையையோ அப்பயிற்சி தொடவில்லை என்பதையும் மறத்தலாகாது.

இங்கேதான் முற்போக்காளரின் மறுப்பு வலிமை பெறுகின்றது. மனத்துக்கு ஆறுதல் கிடைத்தால் மனிதன் போராடுவதை விட்டுவிடுவானல்லவா என்று அவர்கள் வினவுவர். அவ்வினாவை இரு பகுதிகளாக நோக்குவோம்.

முதலாவதாக, துன்பம் முற்றினால் மனிதன் தானாகவே கிளர்ந்தெழுவான் என்னும் நம்பிக்கை சரியானதா? ஒஸ்திரியாவிலே வியன்னா நகருக்கு அண்மையிலுள்ள மரியந்தால் என்னும் ஊரின் கதை இதற்கு விடை பகரும். அவ்வூரை வாழவைத்த துணி ஆலை 1929–30 காலத்திலே மூடப்பட்டது. ஏறத்தாழ ஊர் முழுவதும் வேலையிழந்தது. மேரி யகோடா, போல் லசார்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் என்னும் இளம் ஆய்வாளர்கள் அங்கே வாழ்ந்த 478 குடும்பங்களையும் ஆராய்ந்து, 1933இல் நூலொன்றை வெளியிட்டனர். அவர்கள் சமதர்மக் கருத்தினர். ஆயினும் அவர்கள் கண்டது எழுச்சியையன்று, ஒடுக்கத்தை. கட்டணம் நீக்கப்பட்ட பின்னரும் நூல்நிலையத்திலே இரவல் பெறப்பட்ட நூல்களின் தொகை இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ அரைவாசியாயிற்று. நேரம் மிகுந்திருந்த ஆண்கள் வீதியிலே மெல்ல நடந்தனர். அடிக்கடி வெறுமனே நின்றனர். அங்கிருந்தோருட் பெருந்தொகையினர் ஒரு வகையினர்: வீட்டையும் பிள்ளைகளையும் ஒருவாறு பேணிக்கொண்டு, விருப்பங்களை எல்லாம் சுருக்கிக்கொண்டு, நாளையைப் பற்றிய எண்ணமே இல்லாதிருந்தோர்.

இதுவே நாம் அஞ்சவேண்டிய அடங்கிப்போதல். ஏற்றலுக்கும் இதற்கும் புறத்தோற்றத்திலே ஒற்றுமையுண்டு. இரண்டிலும் கூச்சல் இல்லை. ஆனால் அடங்கிப்போனவன் விருப்பத்தைச் சுருக்குகின்றான். ஏற்றவன் விருப்பத்தைக் காத்துக்கொண்டு தடையை அளந்து பார்க்கின்றான். முன்னவனுக்கு நாளை இல்லை. பின்னவன் நாளைக்காகவே இன்றை ஒப்புக்கொள்கின்றான். மரியந்தாலின் மக்களுக்கு உளச்சிகிச்சை வேலை தந்திராது. ஆனால் அவர்களைப் போராட விடாமல் தடுத்தது மனநிம்மதி அன்று என்பதும் தெளிவு. நொறுங்கிய மனத்திலிருந்து புரட்சி பிறப்பதில்லை.

இரண்டாவதாக, நோய் சமூகத்திலே இருக்கத் தனிமனிதனுக்கு மருந்து கொடுப்பது பித்தலாட்டமாகாதா? இதனை எவரினும் கூர்மையாகக் கேட்டவர் பிரான்ட்ஸ் பனோன். மார்ட்டினிக் தீவிலே 1925இல் பிறந்து, 1953 முதல் அல்ஜீரியாவின் பிளிடா நகர் உளமருத்துவ மனையிலே பணியாற்றிய அவர், 1956இலே பதவியைத் துறந்தார். மனிதனைத் தன் சூழலுக்கு அந்நியனாகாமல் காப்பது உளமருத்துவத்தின் பணியெனின், சொந்த மண்ணிலேயே மக்களை அந்நியராக்கிய குடியேற்ற ஆட்சியின்கீழ் அப்பணிக்குப் பொருளில்லை என்பது அவர் துறவுக் கடிதத்தின் சாரம். ஆனால் கதை அவ்வளவோடு முடியவில்லை. விடுதலை இயக்கத்திலே இணைந்து துனிஸ் நகருக்குச் சென்ற பின்னரும் பனோன் சிகிச்சையளிப்பதை விடவில்லை; அங்கே பகல்நேர உளமருத்துவ நிலையமொன்றை அமைத்தார். சமூகம் மாறும்வரை துன்புறுபவன் காத்திருக்கட்டும் என்று அப்புரட்சியாளர் கருதவில்லை.

நமது நாட்டின் அனுபவமும் இவ்விடத்திலே சான்றாகின்றது. 1995ஆம் ஆண்டளவிலே இலங்கையிலே தற்கொலையால் இறந்தோர் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 பேர். உலகிலே மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. அடுத்த இருபதாண்டுகளிலே அவ்வீதம் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது குறைந்தது. இதற்குப் பெருங்காரணம் உளச்சிகிச்சையன்று. கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த பீடைகொல்லிகளை 1995 முதலாகப் படிப்படியாகத் தடைசெய்த சட்ட நடவடிக்கையே என்று ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். சட்டத்தின் ஒரு வரி பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. வெளியுலகை மாற்றுவதன் வலிமைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஆயினும் காக்கப்பட்ட அவ்வுயிர்கள் அடுத்த நாட் காலையிலே விழித்தெழுந்தபோது, அதே கடனும் அதே மனமுறிவும் அவர்களுக்காகக் காத்திருந்தன. சாவின் கையிலிருந்து பறித்தெடுத்தல் சட்டத்தால் இயலும். வாழ்வின் கையிலே ஒப்படைப்பதற்கு அருகிலே அமர்ந்து கேட்கும் ஒரு மனிதர் வேண்டும்.

இவற்றால் நாம் விழிப்பாயிருக்கவேண்டியதில்லை என்பது கருத்தன்று. கூலி உயர்வு கேட்கும் தொழிலாளிக்கு மூச்சுப்பயிற்சி வகுப்பு நடத்தும் முதலாளி, ஏற்றலின் பெயரால் பழைய விதியையே விற்கின்றான். அத்தகைய இடத்திலே அப்பயிற்சியை மறுப்பதே மனநலத்தின் அடையாளம். எனவே, ஒருவர் ஏற்கும்படி கூறும்போது நாம் கேட்கவேண்டியவை மூன்று: சொல்பவருக்கு அதனால் ஆதாயம் உண்டா? ஏற்கச் சொல்வது நிகழ்ந்த உண்மையையா, நிகழ்த்திய அநீதியையா? ஏற்றபின் செய்வதற்கு ஏதேனும் ஒரு செயல் மிஞ்சுகின்றதா?

இம்மூன்று வினாக்களும் நம் மண்ணிலே மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுவது காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களிலேயாகும். 1984இலே யாழ்ப்பாணத்திலே அன்னையர் முன்னணி தோன்றியது. 1987–89 காலத்துக் கொடுமைகளின் பின்னர் 1990இலே தெற்கிலும் சிங்களத் தாய்மார் அதே பெயரிலே ஒன்றுதிரண்டனர். 2009இலே போர் முடிந்தபின் கையளித்த பிள்ளைகளைத் தேடி, 2017 பெப்ரவரியிலே கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரத்திலே தொடர் போராட்டத்திலே அமர்ந்தனர். மரணச் சான்றிதழை வாங்க மறுத்த தாய்மார் பலர். "நடந்ததை ஏற்றுக்கொண்டு, தருவதைப் பெற்றுக்கொண்டு, இனி வாழப் பாருங்கள்" என்று அவர்களுக்கு உபதேசிப்போர் குறைவில்லை. மேற்கூறிய மூன்று வினாக்களையும் எழுப்பிப் பாருங்கள். அவ்வுபதேசத்தால் ஆதாயமடைவது உண்மையை மறைப்பவர்களே. ஏற்கச் சொல்வது நிறுவப்படாத ஒரு மரணத்தையும் விசாரிக்கப்படாத ஒரு குற்றத்தையும். ஏற்றபின் செய்வதற்கு மிஞ்சுவது மௌனம் ஒன்றே. இது பரிவன்று.

மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பௌலின் பொஸ் என்னும் பேராசிரியை இத்தகைய இழப்பைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். வியட்நாம் போரிலே காணாமற்போன விமானிகளின் குடும்பங்களிலே அவரது ஆய்வு தொடங்கியது. 1999இலே அது பற்றிய அவரது நூல் வெளிவந்தது. அவர் இக்குடும்பங்களிடம் துயரை முடித்துவிடும்படி கேட்பதில்லை. அத்துயருக்கு முடிப்பு என்று ஒன்றில்லை என்பது அவர் கருத்து. ஒருவேளை இறந்திருக்கலாம், ஒருவேளை உயிரோடிருக்கலாம் என்னும் இரு எண்ணங்களையும் ஒருங்கே தாங்கியவாறு வாழக் கற்பதே இயலுவது என்று அவர் கூறுகின்றார். முரண்களின் ஒருமை இங்கும் வருகின்றது. அத்தாய் ஏற்கவேண்டியது தன் நெஞ்சின் நிலையையே: தான் அழுவது பலவீனமன்று; தெரியாமை என்பதே தன்மேல் சுமத்தப்பட்ட கொடுமை; சிரித்த ஒரு பொழுது மகனுக்குச் செய்த துரோகமாகாது. இவற்றை ஏற்ற தாய் மற்றப் பிள்ளைக்குச் சோறிடவும் வல்லவள். மறுநாள் அவன் படத்தை ஏந்திப் பந்தலிலே சென்றமரவும் வல்லவள். அவள் ஏற்றது துயரை, மறுத்தது அநீதியை. அவ்விரண்டும் ஒரே நெஞ்சிலே இருப்பதற்கு இடமுண்டு.

நமது மரபு இதனை அறியாததன்று. திருக்குறளின் அறத்துப்பால் ஊழ் என்னும் அதிகாரத்தோடு முடிகின்றது. அதனை மாத்திரம் எடுத்துக்காட்டி, வள்ளுவரை விதிவாதியாக்குவோர் உளர். ஆனால் பொருட்பாலிலே ஆள்வினையுடைமை 62ஆம் அதிகாரமாகவும், இடுக்கணழியாமை 63ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து நிற்பதை அவர்கள் நோக்குவதில்லை. இடையறா முயற்சியும், இடையூறு வந்துழி மனங்கலங்காமையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்பட்டமை தற்செயலன்று. முயல்பவனுக்கே இடுக்கண் வரும். இடுக்கணைத் தாங்கக் கற்றவனே தொடர்ந்து முயல்வான்.

எனவே, நாம் தொடக்கத்திலே எழுப்பிய வினாவுக்கு விடை இதுவாகும். ஏற்றலை மாற்றலிலிருந்து பிரித்தெடுத்து உபதேசிப்பவர், எந்த அங்கி தரித்து வந்தாலும், பழைய விதியின் தூதரே. மாற்றலை ஏற்றலிலிருந்து பிரித்து முழங்குபவரோ, துன்புறும் மனிதனைத் தம் கொள்கைக்கு ஓர் எடுத்துக்காட்டாக மாத்திரம் காண்பவர். அவன் அழும்போது அவருக்குச் செவியிராது. மனிதனுக்காகவே உலகை மாற்ற விரும்புவோர், அவ்வுலகம் மாறுமுன்னரே தம்மருகில் அமர்ந்து அழும் மனிதனுக்குக் காது கொடுக்கவும் கற்கவேண்டும். அவன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு எழும்போது, நாம் கூட்டிச்செல்ல நினைத்த இடத்துக்கு அவன் தன் கால்களாலேயே நடந்து வருவான்.